குரலுக்கும் பத்து நாள் விரதம்

2024 ஜனவரி 26, வெள்ளிக்கிழமை காலை. முந்தின நாள்தான் தைப்பூசக் காவடி. அடுப்பில் தேநீருக்குத் தண்ணீர் வைத்துவிட்டு மகனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். வாய் திறந்தது, மூச்சு வந்தது, சத்தம் வரவில்லை. அழுத்தி இன்னொரு தடவை கூப்பிட்டேன். காய்ந்த சருகை மிதித்த மாதிரி ஓர் ஓசை வந்து நின்றுவிட்டது.

காவடிக்கு மறுநாள் தொண்டை கட்டுவது எனக்குப் புதிதில்லை. வருஷா வருஷம் கம்மிப்போகும், மிளகுப் பால் குடித்தால் மூன்று நான்கு நாளில் தெளிந்துவிடும். அந்தத் தடவை மூன்று வாரம் ஆகியும் தெளியவில்லை. நான் மொரீஷியஸ் தீவில் வாக்வா என்ற ஊரில் இருக்கிறேன். ஆரம்பப் பள்ளியில் தமிழ் சொல்லித்தருகிறேன். பகலில் வகுப்பு, மாலையில் கோயில் பாட்டுக் குழு, இரண்டுக்கும் இதே தொண்டைதான். குரல் இல்லாத அந்த மூன்று வாரத்தில், இதைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாமல் பதினெட்டு வருஷம் பாடியிருக்கிறேன் என்பது புரிந்தது. பிறகு கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மொரீஷியஸ் காவடியைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம். இங்கே தைப்பூசம் அரசு விடுமுறை. பத்து நாள் முன்பே கோயிலில் கொடி ஏறும், விரதம் தொடங்கும். தினமும் மாலையில் பூசை, பாட்டு. கடைசி நாள் ஆற்றங்கரையில் குளித்து, மூங்கிலும் தென்னங்குருத்தும் பூவும் வைத்துக் கட்டின காவடியைத் தூக்கிக்கொண்டு, பால் செம்போடு கோயில் வரை நடப்பார்கள். நாக்கிலும் கன்னத்திலும் வேல் குத்தியவர்கள் வாய் பேச முடியாது. அவர்களுக்கும் சேர்த்து நாங்கள் பாடுகிறோம். வழியெல்லாம் பாட்டு நிற்கக் கூடாது, நின்றால் காவடி எடுத்தவரின் கால் தளர்ந்துவிடும் என்று எங்கள் குழுவில் ஒரு நம்பிக்கை. 2024-இல் ஜனவரி 15 அன்று பெலால் புயல் அடித்து, போர்ட் லூயிஸ் தெருக்களில் வெள்ளம் கார்களை இழுத்துக்கொண்டு போனது. அந்த வாரம்தான் எங்கள் கோயிலில் கொடி ஏறியது. வீட்டுக்குள் வந்த சேற்றைக் கழுவிவிட்டு வந்து பாடினவர்கள் குழுவில் இருந்தார்கள். அந்த வருஷம் எல்லாருமே வழக்கத்தைவிட உரக்கப் பாடினோம்.

உரக்க என்பதில்தான் விஷயம் இருக்கிறது. லாரியில் ஒலிபெருக்கி, பக்கத்தில் மேளம், சுற்றிலும் அரோகரா. பாடுகிறவருக்குத் தன் குரல் கேட்காது. கேட்காதபோது மனிதக் குரல் தானாகவே உயரும், நாம் நினைத்து உயர்த்துவதில்லை. எட்டியென் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911-இல் இதை விவரித்தார், அவர் பெயரிலேயே அது இன்றும் வழங்குகிறது. அதனால் “அடக்கிப் பாடு” என்று அறிவுரை சொல்லிப் பயனில்லை, பாடுகிறவருக்குத் தன் குரல் கேட்கும்படி செய்ய வேண்டும். இப்போது எங்கள் லாரியில் ஒரு சின்ன ஸ்பீக்கரை எங்களைப் பார்த்துத் திருப்பி வைத்திருக்கிறோம். தொண்டைக்காகக் குழு செலவழித்ததில் அதுதான் நல்ல செலவு என்று நினைக்கிறேன்.

மருத்துவரிடம் போகவே எனக்கு மனம் வரவில்லை. அதற்குக் காரணம் உண்டு. எங்கள் குழுவில் நாற்பது வருஷமாக முன்பாட்டு பாடின ஒரு தாந்தீன் இருக்கிறார். இங்கே வயதான பெண்களை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். அவர் குரல் எப்போதோ உடைந்துவிட்டது, பேசினாலே கரகரப்பு. அன்றைக்கு என்னைப் பார்த்தவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, இங்கத்திய பேச்சுமொழியான கிரியோலில் சொன்னார்: “சாமிக்குக் கொடுத்த குரல் அது. போனால் போகட்டும் பிள்ளை, வருத்தப்படாதே.” ஆறுதலாகச் சொன்னார், எனக்கு அழுகை வந்தது. எங்கள் ஊரில் காவடிக்கு மறுநாள் குரல் போயிருந்தால் அது பெருமை. குரல் தெளிவாக இருந்தால்தான் “நீ சரியாகப் பாடவில்லையா?” என்று கேட்பார்கள். நானும் மற்றவர்களை அப்படிக் கேட்டிருக்கிறேன்.

காது மூக்கு தொண்டை மருத்துவர் மூக்கு வழியாக மெல்லிய கேமராவை விட்டு, என் குரல்நாண்களைத் திரையில் காட்டினார். வெள்ளையாக இரண்டு மடிப்புகள், மூச்சு விடும்போது ஆங்கில ‘வி’ எழுத்து மாதிரி விரிகின்றன, ‘ஈ’ என்று சொன்னால் சேர்கின்றன. முன்பக்கத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் இரண்டு பக்கமும் எதிரெதிரே சின்னதாக வீங்கியிருந்தது. அந்த மேடுகள் முதலில் முட்டிக்கொள்வதால் மடிப்புகள் முழுதாகச் சேராமல் நடுவில் காற்று ஒழுகுகிறது, அதுதான் கம்மல். மண்வெட்டி பிடித்தால் உள்ளங்கையில் காய்ப்பு ஏறுமே, அதன் தொடக்கம் மாதிரி என்றார். இப்போதைக்கு அறுவை வேண்டாம், குரல் பயிற்சியிலேயே இறங்கிவிடும் என்றும் சொன்னார்.

இந்தக் குரல்நாண்களை உயிருள்ள மனிதரிடத்தில் ஒழுங்காகப் பார்த்து விவரித்தவர் ஒரு பாட்டு வாத்தியார் என்பதைப் பிறகு படித்தேன். ஸ்பெயினைச் சேர்ந்த மனுவேல் கார்சியா, 1854-இல் பாரிஸில், பல் மருத்துவர்கள் வைத்திருக்கும் மாதிரி ஒரு சின்னக் கண்ணாடியைத் தொண்டைக்குள் பிடித்து, சூரிய வெளிச்சத்தை அதில் விழச்செய்து, தன் குரல்நாண்களைத் தானே பார்த்தார். சொல்லிக்கொடுக்கும் உறுப்பு எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல் எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்ற தவிப்பு அவருக்கு இருந்திருக்க வேண்டும். எனக்கும் அதே தவிப்பு, நூற்றெழுபது வருஷம் கழித்து.

பேச்சுப் பயிற்சியாளரிடம் முதல் நாள் போனபோது, அவர் ஒரு தம்ளர் தண்ணீரும் ஒரு குழாயும் வைத்தார். குழாயின் நுனி தண்ணீருக்குள் இரண்டு சென்டிமீட்டர் போகட்டும், உதட்டை இறுக்கமாக மூடிக்கொண்டு, ‘ஊ’ என்று ஓசை எழுப்பிக்கொண்டே ஊதுங்கள் என்றார். தண்ணீர் கொப்பளித்தது, கன்னம் நடுங்கியது, மூன்று வாரமாகக் காணாமல் போயிருந்த குரல் உள்ளே எங்கேயோ மெல்ல முனகியது. சின்னதாக, உடையாமல் வந்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

இது ஏன் வேலை செய்கிறது என்று கேட்டேன். காற்று வெளியேறும் வழி குறுகும்போது வாய்க்குள் கொஞ்சம் காற்றழுத்தம் தேங்குகிறது. அது குரல்நாண்களை மேலே இருந்து ஏந்திப் பிடிக்கிற மாதிரி நிற்பதால், அவை அறைந்துகொள்ளாமல் லேசாகத் தொட்டு விலகுகின்றன. குறைந்த மூச்சிலேயே ஓசை பிறக்கிறது. பின்லாந்தில் 1960-களிலேயே கண்ணாடிக் குழாயைத் தண்ணீரில் அமிழ்த்தி இந்தப் பயிற்சியைக் கொடுத்திருக்கிறார்கள். பின்னாளில் அமெரிக்காவில் இங்கோ டீட்ஸ என்ற குரல் விஞ்ஞானி இதன் இயற்பியலை விளக்கி, சாதாரண ஸ்ட்ராவை வைத்தே செய்யலாம் என்று பாடகர்களிடம் பரப்பினார்.

வீட்டில் ஸ்ட்ரா இல்லை. 2021 ஜனவரியில் இங்கே பிளாஸ்டிக் ஸ்ட்ராக்களுக்குத் தடை வந்துவிட்டது, காகித ஸ்ட்ரா இரண்டு நிமிஷத்தில் ஊறிப்போகிறது. கொல்லையில் பப்பாளி மரம் நிற்கிறதே, சின்ன வயதில் அதன் இலைக்காம்பை வெட்டித் தண்ணீரில் ஊதி விளையாடுவோமே என்று நினைத்து ஒரு காம்பை வெட்டினேன். அளவெல்லாம் பொருத்தம்தான், ஆனால் பச்சைக் காம்பின் பால் உதட்டில் பட்டு எரிந்தது. யாரும் செய்ய வேண்டாம். எஃகு ஸ்ட்ரா ஒன்று வாங்கினேன், கைப்பைக்குள் இன்றும் இருக்கிறது.

ஒரு கணக்கு சொல்கிறேன். ஐந்து கட்டை சுருதியில் பாடும் பெண்ணின் நடு ஸட்ஜமம், அதாவது ‘ஸ’ ஸ்வரம், நொடிக்கு ஏறத்தாழ 196 அதிர்வு. மேல் ஸட்ஜமம் 392. சராசரியாக 300 என்றும், ஒரு மணி நேரப் பாட்டில் பாதி நேரம்தான் உண்மையில் குரல் ஒலிக்கிறது என்றும் வைத்துக்கொண்டால்கூட, ஐந்து லட்சத்து நாற்பதாயிரம் தடவை அந்த இரண்டு மடிப்புகளும் மோதுகின்றன. காவடி நடை ஒரு மணி நேரத்தில் முடியாது. இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டுப் பார்த்த அன்றுதான் என் மனம் மாறியது. இத்தனை மோதல்களையும் முதல் பாட்டிலேயே, தூங்கி எழுந்த தொண்டையில், உச்ச ஸ்தாயியில் தொடங்கிக்கொண்டிருந்தேன்.

எனக்குப் பாட்டு சொல்லித்தருகிற டீச்சர் மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் கர்நாடக சங்கீதம் படித்தவர். ஸ்ட்ராவை அவரிடம் காட்டத் தயங்கினேன், பிறகு காட்டினேன். அவர் வாங்கி ஊதிப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தார். “எங்க டீச்சர் விடியற்காலையில் வாயைத் திறக்கவே விடமாட்டாங்க. தம்பூரா சுருதியோட வாயை மூடி ம்ம்-னு கீழ் ஸ்தாயியிலேயே இருக்கணும். இதுவும் அதுவும் ஒண்ணுதானே” என்றார்.

ஒன்றேதான். வாயை மூடி மூக்கு வழியாக முனகும்போதும் வழி குறுகித்தான் இருக்கிறது. இங்கே எனக்குள் இருந்த தமிழ் வாத்தியார் விழித்துக்கொண்டார். ங், ஞ், ண், ந், ம், ன் என்று மெல்லினம் ஆறையும் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிப்போடுகிறேனே, அந்த ஆறும் வாய்வழி அடைபட்டு மூக்கு வழியாக ஒலிப்பவை. குரலுக்கு இதமான எழுத்துகள் எவை என்று யாராவது கேட்டால் இந்த வரிசையைக் கொடுத்துவிடலாம். இப்போது என் பயிற்சியில் ‘ம்’ இல் தொடங்கி, உதட்டைத் திறந்து ‘ங்’ ஆக மாற்றி, அங்கிருந்து ‘ஙா’ என்று மெல்ல வாய் திறக்கிறேன். அந்த ‘ஆ’ தொண்டையைத் தேய்க்காமல் வருகிறது. நேரடியாக ‘ஆ’ என்று திறந்தால் வருவதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை ஐந்தே நிமிஷத்தில் யாரும் கேட்டுவிடலாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் பழைய பழக்கத்தோடு ஒத்துப்போகவில்லை. எழுந்ததும் சரளி வரிசை என்ற தொடக்க ஸ்வரப் பாடத்தை மூன்று காலத்திலும், அதாவது மூன்று வேகத்திலும், ‘ஆ’ என்ற அகாரத்தில் முழுக் குரலில் பாடுவதைச் சிலர் “சூடுபடுத்துவது” என்கிறார்கள். அது சாதகம், நல்ல சாதகம்தான், ஆனால் அதற்கே முதலில் குரல் தயாராக வேண்டும். திறந்த வாயில் பாடும் அகாரம்தான் குரல்நாண்களுக்குக் கனமான வேலை. ஜண்டை வரிசை இன்னும் கனம், ஒவ்வொரு ஜோடியிலும் இரண்டாவது ஸ்வரத்தை அழுத்த வேண்டும். ஓட்டப்பந்தயக்காரர் ஓட்டத்தையே தசை தளர்த்தும் பயிற்சியாக வைத்துக்கொள்வாரா?

காலையில் நான் செய்வது இதுதான், பன்னிரண்டு நிமிஷத்துக்கு மேல் ஆகாது. முதலில் தோளைச் சுழற்றிக் கழுத்தைத் தளர்த்துவேன். காதுக்குக் கீழே தாடை மூட்டில் விரலை வைத்து மெதுவாகத் தேய்த்துக்கொண்டே வாயைத் தொங்கவிடுவேன். வகுப்பில் பல்லைக் கடித்துக் கோபத்தை அடக்குகிறவர்கள் இதைத் தவிர்க்க வேண்டாம், அங்கேதான் எல்லாம் போய் உட்கார்ந்திருக்கும். பிறகு விலா விரிய மூச்சிழுத்து, ‘ஸ்ஸ்’ என்று ஒரே சீராக விடுவேன். மார்பைத் தூக்காமல் இருபது நொடி வந்தால் போதும். அப்புறம் ஸ்ட்ரா, மூன்று நிமிஷம். ஊதிக்கொண்டே குரலை ஸட்ஜமத்திலிருந்து பஞ்சமம் வரை வழுக்கி ஏற்றி இறக்குவேன். எவ்வளவு மேலே போகிறது என்று சோதித்துப் பார்க்கும் ஆசையை முதல் மாதம் அடக்கிக்கொண்டேன்.

ஸ்ட்ரா இல்லாத இடத்தில் உதடு நடுக்கம். சின்னப் பிள்ளைகள் பஸ் ஓட்டி விளையாடும்போது உதட்டைப் படபடவென்று அடித்து ‘ப்ர்ர்ர்’ என்பார்கள் அல்லவா, அதேதான். அதை ஒரு ஸ்வரத்தில் நிறுத்திச் செய்ய வேண்டும். உதடு நின்றுபோனால் மூச்சு போதவில்லை அல்லது கன்னம் இறுகியிருக்கிறது என்று அர்த்தம். இரண்டு விரலால் கன்னத்தை லேசாகத் தூக்கிப் பிடித்தால் வந்துவிடும். அதன்பிறகு மெல்லினம். கடைசியில்தான் மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை, வழக்கமான சுருதிக்கு ஒரு கட்டை இறக்கி, முதல் காலம் மட்டும், பக்கத்து அறைக்குக் கேட்காத சத்தத்தில். பாடி முடித்த பிறகும் இரண்டு நிமிஷம் மேலிருந்து கீழே முனகிக்கொண்டே இறங்குவேன். ஓடி வந்தவர் சட்டென்று உட்காராமல் கொஞ்சம் நடப்பாரே, அப்படி.

வேறு சில பழக்கங்களும் மாறின. தண்ணீர் குரல்நாண்களை நேராக நனைக்கும் என்று நினைத்திருந்தேன். குடிக்கும் தண்ணீர் அந்தப் பக்கமே போவதில்லை, போனால் புரையேறும். உடம்பு முழுக்க ஈரம் சேர்ந்து அங்கே போய்ச் சேர நேரமாகும், அதனால் மேடைக்கு முன் மடமடவென்று குடித்துப் பயனில்லை, காலையிலிருந்தே குடித்துவர வேண்டும். நேராகப் போய்த் தொடுவது நீராவிதான். அதிமதுரம், தேன், மிளகு எல்லாம் தொண்டைக்கு இதம், அவ்வளவுதான். மரத்துப்போகச் செய்யும் இருமல் மிட்டாயைப் போட்டுக்கொண்டு பாடுவது ஆபத்து, வலி தெரியாமல் மேலும் கெடுத்துக்கொள்வோம். குரல் போனால் குசுகுசுவென்று பேசக் கூடாது என்பது எனக்குப் புதுச் செய்தி. அதிலும் குரல்வளை இறுகுகிறது, மெதுவான இயல்பான குரலே நல்லது. தொண்டையைச் செருமுவதற்குப் பதில் ஒரு மிடறு விழுங்கிவிட வேண்டும். அப்புறம், ஒத்திகை முடிந்து இரவு பத்து மணிக்கு மேல் காத்தோ பிமான் என்ற இங்கத்திய மிளகாய் வடையும் தேநீருமாகச் சாப்பிட்டுவிட்டு உடனே படுப்பதை விட்டேன். வயிற்று அமிலம் மேலேறினால் அது தொண்டையைத்தான் சுடும். எனக்கு இதை விடுவதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமாக இருந்தது.

மூன்று வாரத்துக்கு மேல் கம்மல் நீடித்தால் யாராக இருந்தாலும் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். பயிற்சி பிறகு.

ஆறாவது மாதம் மறுபடி கேமராவில் பார்த்தபோது இடதுபக்கம் வழவழப்பாகிவிட்டது, வலதுபக்கம் சின்னத் தடிப்பு மட்டும். மருத்துவர் பாடலாம் என்றார். அதற்குப் பிறகுதான் குழுவிடம் பேசினேன். எங்கள் கீபோர்டு வாசிக்கும் அண்ணா ஒலிநாடாவில் இருக்கும் சுருதியிலேயே, ஆறரைக் கட்டையில், எல்லாப் பாட்டையும் வாசிப்பார். “அண்ணா, ஒன்றரைக் கட்டை இறக்குங்க” என்றேன். விறுவிறுப்பு போய்விடும் என்றார். ஒரு மாலை முழுக்க இரண்டு விதமாகவும் பாடிக் காட்டினோம். ஐந்து கட்டையில் சொற்கள் தெளிவாகக் கேட்டன, இளம்பெண்கள் கழுத்து நரம்பு புடைக்காமல் பாடினார்கள். அவரே இறக்கிக்கொண்டார்.

எங்கள் குழுவில் பாதிப்பேருக்கு மேல் தமிழ் எழுத்து வாசிக்க வராது. ரோமன் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டுதான் பாடுகிறார்கள். வீட்டில் கிரியோல் பேசும் நாக்குக்கு ழகரமும் ளகரமும் வரும் இடத்தில் நாக்கின் அடி இறுகுகிறது, அந்த இறுக்கம் குரலுக்கும் போகிறது. அதனால் பாட்டின் ஒவ்வோர் அடியையும் முதலில் மெட்டில்லாமல், ஒரே ஸ்வரத்தில், பேச்சு மாதிரி மெதுவாகச் சொல்ல வைக்கிறேன். உச்சரிப்புக்காகத் தொடங்கினேன், குரலுக்கும் சேர்த்துப் பயன்பட்டது.

அடுத்த காவடிக்கு, 2025 பிப்ரவரி 11-க்கு, கொடியேறின மாலையிலேயே பூசைக்கு முன் பத்து நிமிஷம் எல்லோரும் பயிற்சி செய்வது என்று முடிவானது. முதல் நாள் ஆறு பேர் வந்தார்கள். பையன்கள் உதடு நடுக்கத்தை விளையாட்டாக எடுத்துக்கொண்டு நன்றாகவே செய்தார்கள். ஐந்தாம் நாள் பதினேழு பேர். புலால் விட்டு, தரையில் படுத்து உடம்பைப் பத்து நாள் தயார் செய்கிறோமே, தொண்டையை மட்டும் ஏன் விட்டுவிட்டோம் என்று ஒரு பெண் கேட்டாள். பதினைந்து வயது அவளுக்கு. இவ்வளவு நாளாக நான் சொல்ல நினைத்தது அதுதான்.

காவடியன்று விடியுமுன் ஆற்றங்கரையில் நின்றோம். கற்பூர வாசனை, ஈரத் துணி, காவடிகளில் பூக் கட்டிக்கொண்டிருந்தார்கள். சுருதிப் பெட்டியை ஐந்து கட்டையில் வைத்து எல்லோரும் வாயை மூடி முனகத் தொடங்கினோம். தண்ணீர்ச் சத்தத்தோடு அது கலந்து கேட்டது. பின்னால் யாரோ என் முந்தானையை இழுத்தார்கள். திரும்பினேன், தாந்தீன். ஒரு கையில் பால் செம்பு, இன்னொரு கையை என் பக்கம் நீட்டிக்கொண்டு நின்றார். “அந்தக் குழாய் இன்னொன்று வைத்திருக்கிறாயா பிள்ளை?” என்றார்.